தோற்க வந்த மச்சாது

எந்தக் காலத்துப் பில்லியர்ட்ஸ் ஆட்டக்காரர் பெரியவர் என்ற கேள்வி வந்தால், எங்கள் கிளப்பில் அந்தந்தக் காலத்திலிருந்தே ஆளை வரவழைத்து ஆடவிட்டுத்தான் முடிவு சொல்வோம். முன்பெல்லாம் வாயால் பேசித் தீர்க்கப் பார்த்தார்கள். அதில் தூத்துக்குடியில் இரண்டு கல்யாணங்கள் நின்றுபோயின. பீச் ரோட்டில் ஒரு வீட்டின் நடுவே அண்ணனும் தம்பியும் சுவர் எழுப்பிக்கொண்டார்கள். வரவழைக்கத் தொடங்கிய பிறகு ஊர் அமைதியாகிவிட்டது.

பழைய காலத்தவர்கள் சோடா கிரேட்டுகள் அடுக்கியிருக்கும் பின்வாசல் வழியாக வருவார்கள். வந்தவர் வென்றால் பெயரை வாங்கிக்கொண்டு அன்றே வீடு திரும்பலாம். நம் ஆள் வென்றால் மட்டும், அவர் தோற்றவருடைய காலத்துக்குப் போய் அங்கேயும் வென்று காட்ட வேண்டும். இல்லாவிட்டால் சொந்த மேசையின் தயவில் வென்றதாக ஆகிவிடும். அவர் திரும்பும்வரை தோற்றவர் இங்கே பிணையாக இருப்பார். அந்தக் காலத்து ஆட்டங்களை யாரும் அவசரமாக முடிப்பதில்லை. எங்கள் கிளப்பிலிருந்து கடைசியாகப் போன ராயன் அங்கேயே ஒரு மிட்டாய்க் கடை வைத்துவிட்டார் என்று கேள்வி.

நான் நடுவர். பெயர் கஸ்பார். அன்று ஆடவிருந்த ஜெசிந்தா என் தங்கை. சொந்த அண்ணனே நடுவராக நிற்பதில் யாருக்கும் ஆட்சேபணை இல்லை. சந்தேகப்படுவதில் எனக்கு ஊரில் நல்ல பெயர் இருந்தது.

1936-லிருந்து சூசை மச்சாது வந்தார். அவர் காலத்தில் அவரை யாரும் வென்றதில்லை. வெள்ளை டிரில் கோட்டும் ஒட்ட வெட்டிய மீசையுமாக, சோடா கிரேட்டுகளைச் சுற்றிக்கொண்டு உள்ளே நுழைந்தபோது, அவர் கையில் ஒரு தகரப் பெட்டியும் கக்கத்தில் ஒரு தலையணையும் இருந்தன. ஒரு மத்தியானம் ஆடிவிட்டுப் போகிறவருக்குத் தலையணை எதற்கு என்று நான் யோசித்தேன்.

"பயணம் எப்படி?" என்று கேட்டேன்.

"ஒரு குறையும் இல்ல. பக்கத்துல நல்ல பல் டாக்டர் யாரு இருக்காவ?" என்றார். இடது கன்னம் லேசாக வீங்கியிருந்தது.

"ஆட்டத்துக்கும் பல்லுக்கும் என்ன?"

"சும்மா கேட்டேன். இப்பல்லாம் வலிக்காம புடுங்குதாவளாமே."

நான் தலையணையை மறுபடியும் பார்த்தேன்.

ஆட்டம் தொடங்கியது. இரண்டு பேரும் தங்களுக்குரிய பந்துகளை மளமளவென்று குழிகளில் போட்டார்கள். ஜெசிந்தா வெள்ளைப் பந்தைச் செல்லமாகத் தட்டுவாள். அது அவள் நினைத்த இடத்தில் போய் நிற்கும். மச்சாது அடிப்பது காதில் விழாது. பந்துகள் தாங்களாக எழுந்து போவதுபோல் இருக்கும். கூட்டம் கைதட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல் விழித்தது. கடைசியில் கறுப்புப் பந்து மட்டும் மிஞ்சியது. அதை யார் உள்ளே தள்ளுகிறாரோ அவர் வென்றவர்.

அடிக்க வேண்டியது மச்சாது. கறுப்பு மூலைக் குழிக்கு நேராக நின்றது. அவர் குனிந்தார், அடித்தார். பந்து குழியின் உதடுவரை போய், தயங்கி, விலகிவிட்டது.

"அடடா," என்றார். குரலில் வருத்தம் இருந்தது. ஆனால் அடிப்பதற்கு முன்பே அவர் கன்னத்தைத் தடவிக்கொண்டதை நான் கவனித்திருந்தேன்.

வேண்டுமென்றே தவறவிடுபவரை எங்கள் கிளப்பில் அந்த இடத்திலேயே வென்றவராக அறிவித்துவிடுவோம். அதைவிடக் கடுமையான தண்டனை எங்களுக்குத் தெரியாது. ஆனால் சந்தேகம் போதாது, நிச்சயம் வேண்டும். மச்சாதுவிடம் நிச்சயம் கிடைக்கவில்லை. தோள், முழங்கை, மணிக்கட்டு எல்லாம் ஒரு உண்மையான தவறில் எப்படி இருக்குமோ அப்படியே இருந்தன.

ஜெசிந்தா கியூக் கோலின் நுனியில் சாக்கட்டி தேய்ப்பதுபோல் என் பக்கம் வந்தாள். "அண்ணே, இவர் இங்கேயே தங்கிரப் பாக்காரு," என்றாள், உதட்டை அசைக்காமல்.

"தெரியுது. நிரூபிக்க முடியல."

"நான் அங்க போயிட்டா என் மக மெர்லினை யாரு பாப்பா? பிள்ளைக்கு இப்பத்தான் நடை வந்திருக்கு. நானும் தவற விடப் போறேன்."

"நடுவர்கிட்ட வந்து இதைச் சொல்லலாமா?"

"நான் அண்ணன்கிட்ட சொன்னேன்," என்றாள்.

அவள் அடித்தாள். கறுப்பு மேசையின் இரண்டு விளிம்புகளில் மோதி, நடுக்குழியைத் தொட்டுக்கொண்டு ஓடிவிட்டது. மச்சாது அவளை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் மரியாதை இருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததைப்போல ஓர் ஆட்டத்தை நான் பார்த்ததில்லை. இருவரும் மாறி மாறித் தோற்கப் பாடுபட்டார்கள். குழிக்குள் போவதற்கு ஒரு முடி இடைவெளி இருக்கும்போது பந்தை நிறுத்தினார்கள். அது ஒவ்வொரு முறையும் துரதிர்ஷ்டம்போலவே தெரிந்தது. வெளியே துறைமுகத்துக்கு உப்பு லாரிகள் போய்க்கொண்டிருந்தன. அந்த அதிர்வில் பந்து விழுந்துவிடாமல் இருக்க, லாரி வரும் நேரத்தையும் கணக்கில் வைத்து அடித்தார்கள். வெற்றிக்காக ஆடியபோது அவர்களில் யார் பெரியவர் என்று எனக்குத் தெரியவில்லை. இப்போதும் தெரியவில்லை. ஆனால் ஜெசிந்தாவுக்குத் தோற்றுப் பழக்கமில்லை. வெயில் சாயத் தொடங்கியபோது அவள் முழங்கை லேசாக வெளியே போனது.

"நடுவரே, பாத்தியளா?" என்றார் மச்சாது.

"பார்த்தேன்."

"என்ன சொல்லுதிய?"

கூட்டம் என்னைப் பார்த்தது. கிளப் செயலாளர் புஷ்பலீலா மேடம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் போட்டுக்கொண்டார்.

"சந்தேகம் இருக்கிறது. நிச்சயம் இல்லை," என்றேன்.

"தங்கச்சின்னா நிச்சயம் வராதோ?"

"உங்கள் தலையணை விஷயத்திலும் எனக்குச் சந்தேகம்தான். அதையும் நான் சொல்லவில்லை."

அவர் தலையாட்டிவிட்டு மேசைக்குப் போனார். அடுத்து அவர் அடித்த அடியை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். கறுப்புப் பந்து மேசை முழுவதையும் சுற்றி வந்து, மூலைக் குழியின் விளிம்பில், பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக நின்றது. வெள்ளைப் பந்து அதற்குப் பின்னால் ஒரு சாண் தூரத்தில் வந்து உட்கார்ந்தது. அந்த இடத்திலிருந்து குழந்தைகூடத் தவறவிட முடியாது. ஜெசிந்தா அடித்தால் வெற்றி. தவறவிட்டால் அது வேண்டுமென்றே விட்டது, அதுவும் வெற்றி.

மச்சாது தகரப் பெட்டியின் மேல் உட்கார்ந்து ஒரு வெற்றிலையை மடித்தார். வலிக்காத பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

ஜெசிந்தா கியூவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். குனியவில்லை. அவள் கண் சுவரோரம் போனது. அங்கே என் மனைவியின் மடியில் மெர்லின் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"அண்ணே," என்றாள்.

நான் மேசையின் மேல் சாய்ந்து, கறுப்புப் பந்தை ஆள்காட்டி விரலால் உள்ளே தள்ளினேன்.

பிறகு புஷ்பலீலா மேடம் வந்து என் கையைக் குலுக்கினார். கறுப்பை உள்ளே தள்ளியவர் வென்றவர். விதியில் வேறெதுவும் சொல்லியிருக்கவில்லை. வாழ்நாளில் ஒரு பந்தையும் தவறவிடாத ஒரே ஆட்டக்காரர் நான்தான் என்பதால், இரண்டு காலத்திலும் நானே பெரியவன் என்று கூட்டம் ஒருமனதாக ஏற்றுக்கொண்டது. பின்வரிசையில் இருந்த ஒருவர் மட்டும், என் விரலை வேறு காலத்து விரல்களோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்றார்.

வென்றவன் 1936-க்குப் போக வேண்டும் என்பதால், மச்சாது என்னிடம் தன் வீட்டுச் சாவியைக் கொடுத்தார். "கொல்லையில ஒரு ஆடு நிக்கி. தண்ணி மட்டும் வச்சிருங்க," என்றார். அவர் முகம் சந்தோஷமாக இருந்தது. அதனால் எனக்குச் சந்தேகம் அதிகமானது.

என் மனைவி மெர்லினை எழுப்பாமல் கண்ணாலேயே போய்வரச் சொன்னாள். ஜெசிந்தா என் கையைப் பிடித்து இழுத்து, ஆள்காட்டி விரலின் நுனியில் நீலச் சாக்கட்டியைத் தேய்த்தாள். தேய்த்துக்கொண்டே இருந்தாள். அவள் கண்ணீர் அதில் விழுந்து நீலம் வழிந்தது. துடைத்துவிட்டு மறுபடியும் தேய்த்தாள்.

"சீக்கிரம் வந்திருவியா?"

"எதிராளி யாருன்னு தெரியலையே," என்றேன். பின்வாசலைத் திறந்துகொண்டு போனேன்.

1936-ல் சாயங்காலமாக இருந்தது. மேசை எங்களுடையதைவிடப் பெரியது. அதைச் சுற்றிக் கோட்டுப் போட்டவர்கள் நின்றிருந்தார்கள். அவர்களுக்கு நடுவே பிரம்பு நாற்காலியில் நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்தக் காலத்தின் சார்பில் ஆடத் தேர்வானவர் அவள் வயிற்றுக்குள் இருப்பதாக அவர்களுடைய நடுவர் சொன்னார். டாஸ் ஏற்கெனவே போட்டாகிவிட்டது, முதல் அடி அவருடையது.

"டாஸ் போட்டது யார்?" என்று கேட்டேன்.

"அவரேதான்."

காசைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். இன்னும் ஈரம் காயவில்லை. பந்துகளை அடுக்கச் சொல்லிவிட்டு, இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.