இரண்டு இன்ச்சா, மூன்று இன்ச்சா

1

இந்தக் கதை என் ஸ்கூட்டரின் பஞ்சரில் ஆரம்பித்தது. ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலுக்குச் சற்று முன்னால் பின் டயர் உட்கார்ந்துவிட்டது. தள்ளிக்கொண்டு வந்தவன், டயர் படம் போட்ட முதல் கடைக்குள் நுழைந்தேன். உள்ளே போன பிறகுதான் அது பஞ்சர் ஒட்டும் கடை இல்லை என்று தெரிந்தது. ஜீப்புக்கும் பிக்கப்புக்கும் பெரிய சக்கரம் மாட்டி, உடம்பை உயர்த்தித் தரும் கடை. கடைக்காரர் நல்லவர். பக்கத்துத் தெருவிலிருந்து பஞ்சர்காரரைப் போனில் கூப்பிட்டுவிட்டு, அடுக்கி வைத்திருந்த டயர்களின் மேல் என்னை உட்காரச் சொன்னார்.

அப்போது ஒரு பெரியவர், கையில் அளவு டேப்போடு, கடைக்காரரிடம் கேட்டார்: "மூணு இன்ச் தூக்கினா தண்ணி உள்ள வராது இல்ல?"

"இன்னா சார் இப்டி கேட்டுட்டே! தண்ணி உன் வண்டியப் பாத்து ஒதுங்கிப் போவும்," என்றார் கடைக்காரர்.

நான் கேட்டது இவ்வளவுதான். என் டயர் தயாராகிவிட்டது, கிளம்பிவிட்டேன். இனிமேல் வருவதெல்லாம் என் கற்பனை. பெயர்களும் நானே வைத்தவை. யாராவது கடைக்குப் போய் விசாரித்தால் நான் பொறுப்பில்லை.

2

தொடக்கம், முதல் முயற்சி:

[டெனிஸுக்கு இருபத்தாறு வயது. தன் பிக்கப்பை உயர்த்தி, கறுப்புச் சக்கரம் மாட்டி, ரீல்ஸ் போட வேண்டும் என்பது அவனுடைய நெடுநாள்]

நெடுநாள் கனவாம். இருபத்தாறு வயதில் என்ன நெடுநாள்? டெனிஸை எனக்குப் பிடிக்கவில்லை. அனுப்பிவிட்டேன்.

இரண்டாவது முயற்சி:

[வங்கக் கடலில் உருவான காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் மெல்ல நகர்ந்து]

என் மனைவி ஹேமாவதி தோளுக்குப் பின்னாலிருந்து படித்துவிட்டு, "நியூஸுக்கா எழுதறீங்க?" என்றாள். அதையும் விட்டுவிட்டேன்.

பிறகுதான் உறைத்தது. "தண்ணி உள்ள வராது இல்ல?" என்று அந்தப் பெரியவர் கேட்ட விதத்தில் வண்டி ஆசையே இல்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டரை மறித்துக் கேட்கிறவர்கள் அப்படிக் கேட்பார்கள். யாரும் தனக்காக அந்தக் குரலில் கேட்பதில்லை. ஆகவே அவருக்கு ஒரு மனைவியைக் கொடுத்தேன். கொடுத்தது நான்தான் என்றாலும், பின்னால் அந்த அம்மாள் எனக்குக் கொடுத்த தொந்தரவைப் பார்த்தால் அவர் ஏற்கெனவே எங்கேயோ இருந்தவர் என்றுதான் நினைக்கத் தோன்றுகிறது.

3

பெரியவர் பெயர் அசரியா. மறைமலை நகரில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். வேலை முழுவதும் அளப்பதுதான். ஓய்வுக்குப் பிறகும் கை நிற்கவில்லை. புது பிளாஸ்டிக் வாளி வாங்கினாலும் வாயின் விட்டத்தை அளந்துவிட்டுத்தான் தண்ணீர் பிடிப்பார்.

மனைவி ஞானஜோதி. தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். பேட்டையில் பாதிப் பேர் அவரிடம் படித்தவர்கள், மீதிப் பேர் அவரிடம் படித்தவர்களுக்குப் பயந்தவர்கள். [இந்த வாக்கியம் சும்மா அலங்காரம். எடுத்துவிட நினைத்தேன், மனசு வரவில்லை.] அவருக்குச் சிறுநீரகம் இரண்டும் வேலை செய்வதை நிறுத்திவிட்டன. செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் தாம்பரத்தில் டயாலிசிஸ்.

வீடு ஏரிக்குப் பின்னால் ஒரு நகரில். மழைக்காலத்தில் அது நகர் இல்லை, ஏரிதான்.

4

போன வருஷம் நவம்பரில் வீட்டைச் சுற்றித் தண்ணீர். வியாழக்கிழமை போக முடியவில்லை. சனிக்கிழமை ஞானஜோதிக்கு மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது. கார் போகாது, ஆட்டோ வராது. கடைசியில் வந்தது ஒரு ஜேசிபி. மண் அள்ளும் அந்த இரும்புத் தொட்டியில், பாலிதீன் விரித்து, ஞானஜோதியைத் தூக்கி உட்கார வைத்தார்கள். ஓட்டியவர் ஜோஷ்வா, அவருடைய பழைய மாணவர். "டீச்சர், கெட்டியா புடிச்சுக்கங்க" என்று சொல்லித் தொட்டியை உயர்த்தினார். நனைந்த சேலையோடு, தலை கலைந்து, ஒரு முழு ஆள் உயரத்தில் தலைமையாசிரியை தெருவைக் கடந்தார்.

உயிர் பிழைத்தார். அது நல்ல செய்தி. கெட்ட செய்தி, யாரோ அதைப் படம் எடுத்துவிட்டார்கள். சாயங்காலத்துக்குள் சபை வாட்ஸ்அப் குழுவில் வந்தது: "நம் ஞானஜோதி டீச்சரை ஆண்டவர் அற்புதமாகத் தூக்கிச் சென்றார்." கீழே கைகூப்பும் பொம்மைகள் வரிசையாக.

"ஆண்டவரா தூக்கினாரு? ஜோஷ்வா தூக்கினான்," என்றார் ஞானஜோதி ஆஸ்பத்திரிப் படுக்கையில். பிறகு குழுவிலிருந்து விலகினார். அப்புறம் அசரியாவிடம் சொன்னார்: "இனிமே என்னை யாரும் தூக்கக் கூடாது. நான் என் கால்ல ஏறிப் போவேன். இல்லன்னா போகல."

முதல் பாதி மட்டும்தான் அசரியாவின் காதில் விழுந்தது. ஜேசிபி வேண்டாம் என்றால் வேறு உயரமான வண்டி வேண்டும். கூடுவாஞ்சேரியில் மனை விற்கும் ஒருவர், வாடிக்கையாளர்களை மனை காட்ட ஏற்றிப்போன இரட்டை வரிசை பிக்கப்பைக் கைமாற்றிக் கொடுத்தார். பின்புறம் "பேஸ் 3 புக்கிங் ஆரம்பம்" என்று இன்னும் இருக்கிறது. சுரண்டினால் பெயிண்டும் வருகிறதாம்.

5

கடைக்காரருக்கு முனீர் என்று பெயர் வைத்தேன். முனீர் சக்கரம் விற்கிற நேரத்தில் மற்ற எல்லாவற்றையும் மறந்துவிடுவார்.

"மொதல்ல அலாய் பாரு சார். பிளாக். இத்த மாட்டினா ஒன் வண்டி அப்டியே மாஸா நிக்கும்."

"மாஸ் வேணாம் பாய். தண்ணிக்கு எது நல்லது?"

"தண்ணிக்கும் பிளாக்தான் சார்."

அசரியா மசியவில்லை. இரும்புச் சக்கரமே போதும் என்றார், குழியில் விழுந்து நெளிந்தால் தட்டி நிமிர்த்தலாம். டயரில் ஒரு மணி நேரம் போனது. பெரிய பெரிய கட்டைகள் வைத்த சேற்று டயரை முனீர் தடவிக்கொடுத்தார். தார் ரோட்டில் அது ரைஸ் மில் மாதிரி சத்தம் போடும் என்பதை அசரியாவே ஓட்டிப் பார்த்துக் கண்டுபிடித்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறவளுக்குத் தலைவலி வரும் என்று, மண்ணுக்கும் தாருக்கும் பொதுவான டயரை எடுத்தார். ஒரு சைஸ் பெரியது. அதற்கு மேல் போனால் திருப்பத்தில் மட்கார்டில் உரசும்.

கடைசியாக லிஃப்ட் கிட். அதாவது முன்னால் உயரமான ஸ்பிரிங், பின்னால் கூடுதல் பட்டை, நீளமான ஷாக் அப்சார்பர். இரண்டு இன்ச்சில் ஒன்று, மூன்று இன்ச்சில் ஒன்று.*

அசரியா வீட்டு கேட்டில் போன வருஷத் தண்ணீர் நின்ற இடத்தில் பெயிண்டால் கோடு போட்டிருந்தார். வண்டி என்ஜின் காற்றை இழுக்கும் வாயை அளந்தார். கணக்குப் போட்டார். இரண்டு இன்ச் உயர்த்தினால் அதே தண்ணீர் அந்த வாயை விரற்கடை அளவுக்குத் தொடும், என்ஜின் தண்ணீர் குடித்து நடுவழியில் நின்றுவிடும். மூன்று என்றால் தொடாது.** மூன்று என்று முடிவு செய்தார்.

* இப்படி உயர்த்தச் சட்டம் இடம் கொடுக்கிறதா என்று கேட்பவர்கள் ஆர்டிஓ ஆபீஸில் கேட்கவும். கதையில் கேட்க வேண்டாம்.

 ** காற்றுக் குழாயையே கூரை வரை நீட்டலாமே என்று விவரம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். இந்தப் பழைய மாடலுக்கு அது வருவதில்லை என்று முனீர் சொல்லிவிட்டார். பொய்யாகக்கூட இருக்கலாம். கதைக்கு வசதியாக இருந்ததால் நான் மேலே விசாரிக்கவில்லை.

6

இங்கே கதையை முடித்துவிட நினைத்திருந்தேன். மழை வரும், வண்டி தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும், ஞானஜோதி ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்ப்பார், சுபம். நான்கு வரி எழுதியும்விட்டேன். ஐந்தாவது வரியில் அவர் வண்டியில் ஏற வேண்டும்.

[ஞானஜோதி வண்டியில் ஏறி]

[ஞானஜோதி மெல்ல வண்டியில் ஏறி]

[ஞானஜோதி ஒருவாறாக]

ஏறவில்லை. கேட்டை அளந்தவர், தண்ணீரை அளந்தவர், என்ஜினின் வாயை அளந்தவர், மனைவியின் காலை அளக்கவில்லை. எழுதிய நானும் அளக்கவில்லை. அதனால் ஞானஜோதியை முனீர் கடைக்கு வரவழைக்க வேண்டியதாயிற்று.

7

மூன்று இன்ச் ஸ்பிரிங்கை அப்போதுதான் மாட்டியிருந்தார்கள். ஞானஜோதி வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்தார். இடது பக்கக் கதவைத் திறந்தார். வலது காலை எடுத்து ஃபுட்ஸ்டெப்பில் வைக்கப் பார்த்தார். கால் அது வரைக்கும் போகவில்லை. முட்டியைக் கையால் பிடித்துத் தூக்கி வைத்தார். மேலே இழுத்துக்கொள்ளக் கைப்பிடி வேண்டும். கைப்பிடி இருந்தது, இடது கைப் பக்கம்.

டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக ரத்தக் குழாய்களை இணைத்துத் தைத்திருப்பது அந்த இடது கையில்தான். அந்தக் கையில் ஒரு பை காய்கறிகூடத் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். உடம்பையே எப்படித் தூக்குவது?*

"நான் புடிச்சுக்கறேன் ஜோதி," என்று அசரியா பின்னால் வந்தார்.

"தொடாதீங்க."

முனீர் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைக் கொண்டு வந்தார். "இத்தப் போட்டு ஏறிக்கம்மா. ஒண்ணும் பேஜாரு இல்ல."

"தண்ணி நிக்கும்போது இந்த ஸ்டூல் எங்கப்பா நிக்கும்? மிதந்து போயிடாதா?" என்றார் ஞானஜோதி. முனீர் ஸ்டூலை அக்குளில் இடுக்கிக்கொண்டு நின்றார்.

பக்கத்தில் இன்னொருவருடைய வண்டி இருந்தது. அதே மாடல், இரண்டு இன்ச் உயர்த்தியது. ஞானஜோதி கேட்காமல் அதன் கதவைத் திறந்தார். கால் வைத்தார், வலது கையால் சீட்டின் ஓரத்தைப் பிடித்தார், நின்று மூச்சு விட்டார், ஏறி உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னார்: "எனக்கு இது போதும். ரெண்டு."

"ரெண்டு போதாது. நான் அளந்து பாத்துட்டேன். போன வருஷத் தண்ணி வந்தா வண்டி நடுவுல நின்னுடும்."

"அவ்ளோ தண்ணி வந்தா நான் வீட்ல இருக்கேன்."

"ஒரு நாள் விட்டதுக்கே என்ன ஆச்சுன்னு தெரியும்ல?"

"எனக்குத் தெரியாதா? மூச்சு முட்டினது எனக்குத்தானே."

அசரியா டேப்பை நீட்டினார், சுருக்கினார், நீட்டினார். பிறகு, முனீர் இருப்பதையும் பார்க்காமல், "எனக்குப் பயமா இருக்கு ஜோதி," என்றார்.

"எனக்கும்தாங்க பயம்," என்றார் ஞானஜோதி. "ஆனா அந்தத் தொட்டியில உக்காந்திருந்தப்ப எனக்குப் பயமே இல்ல, தெரியுமா? செத்தா போதும்னு இருந்துச்சு. அந்த மாதிரி இன்னொரு தடவ இருக்க மாட்டேன்."

இதை நான் எழுதவில்லை. அதாவது, எழுதினேன், ஆனால் எழுதப் போகிறேன் என்று எனக்குத் தெரியாது. அசரியாவுக்கும் தெரியாது போலிருக்கிறது. டேப் அவர் கையில் அப்படியே இருந்தது.

* பின் சீட்? பின் கதவில் கைப்பிடியே கிடையாது. பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

8

முடிவுகள். மூன்றை எழுதிப் பார்த்தேன்.

அ. மூன்று இன்ச். தண்ணீர் வருகிறது. அசரியாவும் பக்கத்து வீட்டுக்காரரும் ஞானஜோதியைத் தூக்கி உள்ளே வைக்கிறார்கள். வண்டி தாம்பரம் போய்ச் சேருகிறது. ஞானஜோதி பிழைத்துக்கொள்கிறார். அசரியாவோடு அதன் பிறகு பேசுகிறாரா என்று எழுத உட்கார்ந்தேன், இரண்டு நாள் உட்கார்ந்தேன்.

ஆ. இரண்டு இன்ச். தண்ணீர் கோட்டைத் தாண்டுகிறது. ஞானஜோதி வீட்டில் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். அசரியா கேட்டுக்கும் கட்டிலுக்கும் நடக்கிறார். [இதற்கு மேல் எழுத மாட்டேன்.]

இ. மழையே வரவில்லை. இதை எழுதியபோது எனக்கே வெட்கமாக இருந்தது. நான் எழுதாவிட்டால் மழை வராது என்று நினைக்கிற அளவுக்கு எழுத்தாளன் ஆகிவிட்டேனா?

ஹேமாவதியிடம் கேட்டேன். "உனக்கு அப்படி ஒரு நிலைமை வந்தா எத்தனை இன்ச்?"

பதில் சொன்னாள். யோசிக்கக்கூட இல்லை. அதை இங்கே எழுதவில்லை, எழுதினால் நீங்கள் அதையே சொல்லிவிட்டுத் தப்பித்துக்கொள்வீர்கள். நான் அப்படித்தான் செய்யப் பார்த்தேன்.

9

ஆக, வண்டி முனீர் கடையில் ஜாக்கி மேல் நிற்கிறது. மாட்டிய மூன்று இன்ச் ஸ்பிரிங்கையும் கழற்றியாயிற்று, இரண்டு கிட்டும் தரையில் கிடக்கின்றன. முனீர் அவசரப்படுத்துகிறார், "சட்டுனு சொல்லு சார், அடுத்த வண்டி வந்துகினு கீது" என்கிறார். யாரிடம் சொல்கிறார் என்று அசரியாவுக்குப் புரியவில்லை. உங்களிடம்தான்.

இரண்டு என்று முடிவு செய்தால் அதை அசரியாவிடம் சொல்லுங்கள். முனீரிடம் சொல்லிவிட்டு நழுவ வேண்டாம். அவர் எதிரே நின்று, அவர் முகத்தைப் பார்த்து, "ரெண்டு போதும் சார்" என்று சொல்லுங்கள். மூன்று என்று முடிவு செய்தால் ஞானஜோதியிடம் சொல்லுங்கள். அவர் இன்னும் அந்த வேறொருவர் வண்டியின் சீட்டில்தான் உட்கார்ந்திருக்கிறார். கண்ணாடியை இறக்கச் சொல்லி, அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.

என்னால் இரண்டையும் சொல்ல முடியவில்லை.