வானத்தைப் பார்த்துச் சுட்ட குண்டு

மலாயாவில், கிள்ளானுக்குத் தெற்கே எங்கள் தென்னந்தோட்டத்தில் அணில்களின் அட்டகாசம் தாங்க முடியவில்லை. தோட்டத்தை நடத்தும் துரை தன் இரண்டு துப்பாக்கிகளைக் கணக்கெழுதும் கிராணியான என் வீட்டுக்காரர் ஸ்டானிஸ்லாஸ் முன் வைத்தார். ஏதாவது ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். மாதக் கடைசிக்குள் அணில் குறையவில்லை என்றால் வேறு கிராணி வருவான் என்று சொல்லிவிட்டார்.

ஒன்று பாயிண்ட் டூ டூ, தோட்டா சுண்டுவிரல் நுனி அளவுதான். மற்றது பட்டாளத்து த்ரீ நாட் த்ரீ, தோட்டா நடுவிரல் நீளம். இவர் குடை வாங்கினாலும் கடையிலேயே பெரிய குடையாகப் பார்த்து வாங்குகிற மனிதர். எதை எடுத்திருப்பார் என்று சொல்லவும் வேண்டுமா?

"சின்னதை எடுங்க" என்றேன்.

"அணிலு பரிட்டு வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருக்கு, கேத்தரின். நூத்தம்பது கஜம். வாய்க்கால்ல எறங்கிக் கிட்ட போனா ஓடிரும். சின்னக் குண்டு அங்க போறதுக்குள்ள களைச்சுப் போயிரும் லா."

"பெருசு அணிலைத் தாண்டி எங்க போகும்?"

"மேல பாத்துத்தானே சுடுறேன்? வானத்துல யாரு இருக்கா?"

நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். அதற்காக இன்றும் என் மேலேயே எனக்குக் கோபம்.

சனிக்கிழமை காலை ஒரே வெடி. அணிலில் வால் மட்டும்தான் மிஞ்சியது. அதை ஆபீஸ் சன்னலில் கட்டிவைத்து, வருவோர் போவோருக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தார்.

மதியம் நான் சாப்பாடு கொண்டுபோயிருந்தபோது மாரியாயி ஆபீசுக்கு வந்தாள். இரண்டு மைல் தள்ளி, இரண்டாம் டிவிஷனில் தேங்காய் உரிப்பவள். தோட்டத்தில் யாருக்கு என்ன குறை என்றாலும் கிராணிதான் புகார்ப் புத்தகத்தில் எழுத வேண்டும்.

"யாரோ என் தண்ணி டின்னை ஓட்டை போட்டுட்டாங்க, கிராணி ஐயா. எழுதுங்க." டின்னை ஆட்டிக் காட்டினாள். உள்ளே ஏதோ உருண்டது.

இவர் டின்னைக் கவிழ்த்தார். மேசையில் விழுந்ததைப் பார்த்ததும் முகம் வெளுத்துப்போனது.

"கிணத்தடியில இந்த டின்னு இருந்த எடத்துலதான் எப்பவும் புள்ளைய உக்கார வெப்பேன். இன்னைக்குக் காச்சல்னு லயத்து வீட்டுலயே படுக்க வெச்சுட்டேன்" என்றாள் அவள். அது என்னவென்று அவளுக்கு இன்னும் விளங்கவில்லை.

எழுதினால் வேலை போய்விடும். எழுதாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. எழுதாதீர்கள் என்றுதான் ஒரு கணம் நினைத்தேன். அதை மறைக்க மாட்டேன்.

அவர் எழுதினார். வாசித்தும் காட்டினார்: "இந்தத் துப்பாக்கிக் குண்டைச் சுட்டவன் கிராணி ஸ்டானிஸ்லாஸ்." பிறகு என்னைப் பார்த்து, "பெருசைத் துரைகிட்டத் திருப்பிக் குடுத்திர்றேன். வேலை போனா போவட்டும்" என்றார்.

மாரியாயி குண்டைப் பார்த்தாள், இவரைப் பார்த்தாள். டின்னை அங்கேயே போட்டுவிட்டு, பிள்ளை படுத்திருக்கும் லயத்தை நோக்கி ஓடினாள்.