ஏழாம் தூணின் விடுமுறை நாட்கள்

ஏழாம் தூணுக்கு மட்டும் கணக்கு ஒத்துவரவில்லை.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இருந்த அந்தச் சிறு நிறுவனம், கடலில் நிற்கும் இரும்பைக் காக்கும் அலுமினியக் கட்டிகளை வார்த்துக் கொடுத்தது. இரும்புத் தூணோடு அலுமினியத்தை இணைத்துக் கடல்நீரில் இறக்கினால், இரும்புக்குப் பதிலாக அலுமினியம் கரையும். அதிலிருந்து கிளம்பும் மின்னோட்டம் உப்புநீர் வழியாகத் தூணுக்குப் போய்ச் சேரும். மின்னோட்டம் நுழைகிற இடத்தில் இரும்பு பிழைக்கும். வெளியேறுகிற இடத்தில் கரையும். இந்த ஒரு விதியை வைத்துக்கொண்டு, கட்டிகளை எங்கே பொருத்தலாம் என்று கணினியில் மாதிரி போட்டுப் பார்ப்பது பூமிகாவின் வேலை.

எண்ணூருக்கு வடக்கே, கப்பல்கள் வந்து அணையும் ஒரு தனியார் ஜெட்டிக்கு அப்படித்தான் போட்டுக் கொடுத்திருந்தாள். தூண்களில் பொருத்திய கருவிகள் ஒவ்வொரு நாளின் மின்னழுத்தச் சராசரியையும் அனுப்பின. மாதக் கடைசியில் மற்ற எல்லாத் தூண்களும் மாதிரி சொன்னபடியே இருந்தன. ஏழாவது மட்டும் பாதுகாப்பு எல்லைக்கு வெளியே கிடந்தது.

மேலாளர் துளசிராமன் சுலபமான வழி ஒன்று சொன்னார். அந்தத் தூணில் பெயிண்ட் உரிந்துவிட்டதாக மாதிரியில் வைத்துக்கொள்ளலாம். மூடாத இரும்பு கூடுதல் மின்னோட்டம் கேட்கும், கணக்கு நேராகிவிடும். பூமிகா உரிந்த பரப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினாள். கச்சிதமாகப் பொருந்தியது. அதுதான் அவளை உறுத்தியது. திருக ஒரு குமிழ் கிடைத்தால் எதையும் எதோடும் பொருத்திவிடலாம். பொருந்துகிறது என்பதாலேயே அது காரணமாகிவிடாது.

தவிர, அந்தக் குமிழின் மறுமுனையில் ஓர் ஆள் இருந்தார். தூண்களுக்குப் பெயிண்ட் அடித்தவர் கவரைப்பேட்டை பென்னி. அறிக்கை அப்படியே போனால், அடுத்த வரிசைத் தூண்களின் வேலை அவருக்குக் கிடைக்காது. அதன்பிறகு எந்த ஜெட்டியிலும் அவரைக் கூப்பிட மாட்டார்கள்.

சேதி கேட்டு அவரே ஆபீஸுக்கு வந்துவிட்டார்.

“மணல் அடிச்சி, கழுவி, மூணு கோட்டும் நானே பக்கத்துல நின்னுகினு அடிக்க வெச்சேன் மேடம். உரிஞ்சிச்சின்னு கம்ப்யூட்டரு சொல்லுதா, நீங்க சொல்றீங்களா?”

“நான்தான் அத சொல்ல வெச்சேன்” என்றாள் பூமிகா.

மாதச் சராசரியை விட்டுவிட்டு, நாள்வாரியான அளவுகளை அவர் முன்னாலேயே விரித்தாள். வரிசையாகப் புள்ளிகள் எல்லைக்கு வெளியே நின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் உள்ளே வந்து, திங்களன்று மறுபடி வெளியே போயின.

“பெயிண்ட் உரிஞ்சிருந்தா ஞாயித்துக்கிழமையும் உரிஞ்சிதானே இருக்கணும்?” என்றாள், பாதி தனக்கே சொல்வதுபோல.

வேலைநாட்களுக்கு நடுவே ஒரு வெள்ளிக்கிழமையும் எல்லைக்குள் இருந்தது. அதுதான் புரியவில்லை. பென்னி திரையில் இருந்த தேதியையே பார்த்தார்.

“அது புனித வெள்ளி.”

கப்பலும் கிரேனும் அன்றைக்கு நிற்பதில்லை. அங்கே யார்தான் அன்று லீவு எடுப்பார்கள் என்று அவள் கேட்டாள். சண்டை போட வந்தவரின் குரல் இறங்கியது.

“எபினேசரும் அவன் பசங்களும். என் சம்சாரத்தோட தம்பி. அந்த வெல்டிங் வேலைய நான்தான் புடிச்சிக் குடுத்தேன்.”

மறுநாள் இருவரும் ஜெட்டிக்குப் போனார்கள். வெல்டிங் மெஷின், பக்கத்தில் கட்டியிருந்த பார்ஜ் என்ற தட்டைச் சரக்குப் படகின் மேல் இருந்தது. மின்னோட்டம் மெஷினுக்குத் திரும்புவதற்கான எர்த் கிளாம்ப்பும் பார்ஜிலேயே கடித்துக்கொண்டிருந்தது. வெல்டிங் நடந்ததோ ஜெட்டியில். கிளம்பிய மின்னோட்டம் தன் மெஷினுக்குத் திரும்பியாக வேண்டும். பார்ஜைக் கட்டியிருந்தது வெறும் கயிறு. நடுவே இரும்புத் தொடர்பு இல்லை. ஆகவே பெரும்பாலும் மிக அருகில் இருந்த ஏழாம் தூண் வழியாக இறங்கி, நீருக்குள் வெளியேறி, பார்ஜுக்கு நீந்தியது.

எபினேசர் முகக்கவசத்தைத் தூக்கினார். “உன் பெயிண்டு போச்சின்னா அதுக்கு நான் கெடச்சேனா மாமா?”

கிளாம்ப்பை வெல்டிங் நடக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே ஜெட்டியில் மாட்டச் சொன்னாள் பூமிகா. ஒயரை இழுத்து மாட்டினார்கள். எபினேசர் பற்றவைத்தார், லேப்டாப்பில் ஏழாம் தூணின் எண் எல்லைக்குள்ளேயே நின்றது. கிளாம்ப்பைப் பழைய இடத்துக்கு மாற்றச் சொல்லி அவரே இன்னொரு தடவை பற்றவைத்துப் பார்த்தார். எண் வெளியே தாவியது. கிளாம்ப்பை அவரே கழற்றி ஜெட்டியில் திரும்ப மாட்டினார்.

முக்குளிப்பவர் எடுத்துவந்த படத்தில் தூணின் பெயிண்ட் முழுசாக இருந்தது. நகக்கண் அளவு ஒரே ஒரு கீறல். அதில் ஆழமான குழி. வேறு வாசல் கிடைக்காத மின்னோட்டம் அந்த ஒன்றின் வழியாகவே வெளியேறியிருந்தது. பெயிண்ட் சுமாராக இருந்திருந்தால், பல இடங்களில் பரவி லேசாகத்தான் அரித்திருக்கும் என்று பூமிகா விளக்கினாள்.

“அப்போ நல்லா அடிச்சதுதான் தப்பா மேடம்?”

இல்லை என்றாள். ஆனால் அதைச் சொல்லுமுன் அவளுக்கே கொஞ்சம் யோசிக்க வேண்டியிருந்தது.

மாதிரியில் உரிந்த பெயிண்டை எடுத்துவிட்டு, வெல்டிங் மின்னோட்டத்தைச் சேர்த்தாள். இந்தத் தடவை வேலைநாளும் பொருந்தியது, விடுமுறையும் பொருந்தியது. அறிக்கையில் கிளாம்ப் இருந்த இடத்தை எழுதினாள். யார் மாட்டினார்கள் என்று எழுதவில்லை. ஜெட்டிக்காரர்களுக்கு அதைக் கண்டுபிடிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கூப்பிட்டுக் கண்டித்தார்கள், வேலையைப் பறிக்கவில்லை.

அடுத்த வரிசைத் தூண்கள் பென்னிக்கே வந்தன. அவர் ஆட்கள் அடிக்கிற இடத்துக்குக் கூப்பிடு தூரத்தில்தான் எபினேசர் வெல்டிங் செய்கிறார். இருவருக்கும் பேச்சில்லை. ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் பென்னி வீட்டுக்குப் போன் போடுகிறார். அவர் மனைவி கிறிஸ்டினா தம்பிக்குப் போன் போட்டுச் சொல்கிறாள்.