அத்தான் பார்க்காத பூ

நூலகத்தின் பின்பக்கம் வெயில் எட்டிப் பார்க்காது. மேலே மூன்று பெரிய மரங்கள், பக்கத்தில் நான்கு மாடிச் சுவர். அந்த நிழலில் என் அக்காள் கணவர், அதாவது நூலகத் தோட்டக்காரர், மூன்று வருடமாக ஒரு செடியை வளர்த்தார். இதய வடிவ இலைகள், இரண்டிரண்டாக. ஒரு சாணுக்கு மேல் வளராமல், பாய் விரித்ததுபோல் தரையோடு படரும். கிழங்கைக் கீறினால் இஞ்சி வாசனை. காட்டு இஞ்சி என்றார் அத்தான். நம்பியது அவர் ஒருவர்தான்.

“பூக்காத செடிக்குப் பேர் ஒரு கேடா?” என்றார் நூலகர் அம்மா. எதற்கும் பெயர் ஒட்டி அலமாரியில் ஏற்றாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. செடிகளை அடையாளம் காணும் நூலை அவரே புரட்டினார். இதே இலையோடு நான்கு செடிகள் இருந்தன. பூவைப் பார்த்தால்தான் எதுவென்று சொல்ல முடியுமாம்.

“வெள்ளிக்கிழமைக்குள்ள பூவைக் காட்டு. இல்லேன்னா சிமென்ட் பூசி சைக்கிள் நிறுத்திடலாம்,” என்று என்னிடம் கெடு வைத்தார்.

அத்தானோ தொட்டியைத் தூக்கப்போய் இடுப்புப் பிடித்து, மூன்று வாரமாக வீட்டில் படுக்கை.

“நீ போய்ப் பாரு,” என்றார் என்னிடம். “மொதல்ல சருகைக் கூட்டு. நான் இருந்தா ஒரு சருகு கெடக்காது. இத்தனை நாள்ல தொடப்பத்தைத் தொட்டியா?”

“தொட்டேன் அத்தான்.”

தொடவில்லை. நூலக உதவியாளர் வேலையில் எனக்குப் பிடித்ததே உட்கார்ந்திருப்பதுதான்.

வெள்ளிக்கிழமை காலை மேலிருந்து பார்த்தேன், பக்கவாட்டில் பார்த்தேன். இலைதான். கிழங்கின் வாசனையையாவது காட்டிச் சமாளிக்கலாமென்று மண்டியிட்டுச் சருகை விலக்கினேன். இரண்டு காம்புகள் பிரியும் இடத்தில், மண்ணில் முகம் புதைத்து ஒன்று கிடந்தது. காய்ந்த ரத்த நிறத்தில் சின்னக் குடுவை, வாயில் மூன்று முனை. அருகே இன்னும் ஐந்தாறு.

நான் கூப்பிட்டதும் நூலகர் அம்மா செடி நூலோடு வந்து, செய்தித்தாளை விரித்துக் குப்புறப் படுத்தார். படத்தையும் பூவையும் மாறிமாறிப் பார்த்தார்.

“பூவா இது? எலி எதையோ ஒளிச்சு வச்ச மாதிரி இருக்கு.” பிறகு பெருமூச்சு விட்டார். “மூணு முனை. காட்டு இஞ்சியேதான். டீயில தட்டிப் போடலாமா?”

“வாசனை மட்டும்தாம்மா. தின்னா விஷம்னு படத்துக்குக் கீழே போட்டிருக்கு.”

“வளத்தவனுக்கு ஏத்த செடி,” என்றபடி, சிமென்ட்காரருக்குப் போன் போட்டு வரவேண்டாம் என்றார்.

நான் அத்தானுக்குப் போன் செய்தேன்.

“சருகுக்கு அடியிலயா?” என்றார். “அப்ப போன வருஷமும் பூத்துச்சா?”

“அதுக்கு முந்தின வருஷமும் பூத்திருக்கும். நீங்கதான் சருகோட சேத்து சுத்தபத்தமா கூட்டி அள்ளிக் கொட்டிட்டீங்க.”

அரை மணியில் அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். குனிய முடியவில்லை. பீரோவை இறக்குவதுபோல் நானும் அக்காவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து அவரைத் தரையில் கிடத்தினோம். கன்னம் மண்ணில் பட, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

“இந்த மூஞ்சிக்கா இவ்ளோ வெக்கம்?”

“போதும், எந்திரிங்க. தரை ஈரமா இருக்கு,” என்றாள் அக்கா.

“இருடி,” என்றார் அத்தான். “இப்பதான பாத்துக்கறோம்.”