இடது கைக்காரரும் உயரமானவரும்

சுதர்சனுக்கு பேஸ்பால் தெரியாது. போலாரத்தில் ராணுவப் பணிமனைக்காரர் ஒருவரின் மகனாகப் பிறந்து, பாசறைச் சுவரில் கரியால் ஸ்டம்ப் வரைந்து கிரிக்கெட் ஆடி வளர்ந்தவன். அப்படிப்பட்டவன் இரண்டாயிரத்து ஆறாம் வருஷம் ஏப்ரலில் ஒரு பேஸ்பால் அணிக்குச் சொந்தக்காரன் ஆனான்.

நிஜ அணி இல்லை, கற்பனை அணி. மாதாப்பூரில் அவன் வேலை பார்த்த கம்பெனி, அமெரிக்காவில் ஓர் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு மென்பொருள் செய்து கொடுத்தது. அங்கே மேலாளராக இருந்த வால்டர், தன் ஆபீஸ்காரர்களைச் சேர்த்து ஓர் ஆட்டம் நடத்தினார். ஒவ்வொருவரும் நிஜ ஆட்டக்காரர்களைப் பொறுக்கித் தாளில் ஓர் அணி அமைத்துக்கொள்ள வேண்டும். அவர்கள் நிஜ மைதானத்தில் எப்படி ஆடுகிறார்களோ அதற்கேற்பப் புள்ளி. வருஷக் கணக்கில் தொடரும் ஆட்டம் என்பதால், இன்னும் பெரிய மைதானத்தை மிதிக்காத இளசுகளைக்கூடப் பிடித்து வைத்துக்கொள்ளலாம். ஒருவர் வேலையை விட்டுப் போனபோது அவருடைய அணியை வால்டர் ஹைதராபாத்துக்கு அன்பளிப்பாகத் தந்துவிட்டார். "நீதானே கிரிக்கெட் ஆடுறவன், நீயே பாத்துக்க" என்று ப்ராஜெக்ட் மேனேஜர் ஃபெலிக்ஸ் அதைச் சுதர்சன் தலையில் கட்டினார்.

அந்த அணியில் உருப்படியாக இருந்தது இரண்டு பேர்தான். இரண்டு பேரும் பந்து எறிகிறவர்கள், இருபது வயதுக்காரர்கள். ஒருவன் இடது கைக்காரன், இன்னொருவன் ஆறேமுக்கால் அடி உயரம். மே மாதம் அந்த இரண்டு பேரையும் வால்டர் கேட்டார். பதிலுக்குத் தன்னிடம் இருந்த நோலன் என்ற இளம் மட்டைக்காரனைத் தருவதாகச் சொன்னார்.

சுதர்சன் குழம்பிப் போனான். காண்டீனில் ஹம்ஸினியிடம் கேட்டான். அவள் தார்நாகாவில் வளர்ந்த விஞ்ஞானி வீட்டுப் பெண், இரண்டு வருஷம் ஒஹாயோவில் இருந்து வந்தவள்.

"கண்ண மூடிண்டு குடுத்துடு" என்றாள் ஹம்ஸினி. "மட்டைக்காரன் தினமும் ஆடுவான். எறியறவன் அஞ்சு நாளைக்கு ஒரு தடவைதான் வருவான். அதுவும் இருபது வயசுல எறியறவனை நம்பவே கூடாது. ஒரு நாள் தோள் போச்சுன்னா அவ்வளவுதான், கதம்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாலச்சந்திரன் தட்டைத் தள்ளி வைத்தான். கணினியில் பேஸ்பால் புள்ளிவிவரங்களைப் படித்தே நிபுணன் ஆனவன் அவன்.

"நக்கோ, நக்கோ, வேண்டவே வேண்டாம். ரெண்டு பேரை விட்டுட்டு ஒருத்தனா? எறியறவன் இல்லாம எந்த டீம் ஜெயிச்சிருக்கு? அந்த லெஃப்டி அடுத்த வருஷம் பெரிய லீகுக்கு வந்துடுவான். வால்டர் என்ன முட்டாளா, சும்மா கேப்பாரா?"

"அவர் கேக்கறார்னா உடனே அதுல சூதா?"

"ஹவ், ஆமா. சூதுதான்."

அரை மணி நேரம் இருவரும் மோதிக்கொண்டார்கள். ஹம்ஸினி பேசும்போது அவள் சொல்வது சரி என்று பட்டது. பாலச்சந்திரன் பேசும்போது அவன் சொல்வது சரி என்று பட்டது. எழுந்திருக்கும்போது சுதர்சனுக்கு முன்பு தெரிந்ததும் தெரியாமல் போயிருந்தது.

மறுநாள் வியாழக்கிழமை. அம்மாவுக்குக் கண் பரிசோதனை இருந்ததால் அவன் லீவு போட்டான். அன்றுதான் வால்டர் நினைவூட்டி ஒரு மெயில் அனுப்பியிருக்கிறார். வேலை விஷயமாக எழுதும் பழக்கத்தில் ஃபெலிக்ஸுக்கும் அதன் நகல் போய்விட்டது. இப்படி இருந்தது அந்த மெயில்: 'உங்கள் இரண்டு இளசுகளையும் எனக்குத் தாருங்கள். அந்த இடது கைக்காரரும் உயரமானவரும். இருவருக்கும் நல்ல எதிர்காலம் இருக்கிறது, அதை நான் பார்த்துக்கொள்கிறேன். பதிலுக்கு நோலனை அனுப்புகிறேன். சின்ன வயது, ஆனால் பெரிய கை. திங்களுக்குள் முடிவு சொல்லுங்கள்.'

வெள்ளிக்கிழமை காலையில் சுதர்சன் ஆபீசுக்கு வந்தபோது அவன் மேஜையில் இரண்டு பாதாம் கேக் துண்டுகள் இருந்தன. அவனுடைய டீமில் வேலை பார்த்த அஸ்வினி டப்பாவும் கையுமாக நின்றாள். கோபிசெட்டிபாளையத்திலிருந்து வந்து ஒன்பது மாதம்தான் ஆகியிருந்தது. இடது கையால் டப்பாவை நீட்டியவள், சட்டென்று வலது கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"எடுத்துக்கங்க. நானும் கிட்டுவும் ஆன்சைட் போறோமுங்க, அமெரிக்காவுக்கு. ரெண்டு வருசம். வால்டரே கேட்டாராமா!"

கிட்டு அவளோடு வேலைக்குச் சேர்ந்தவன். கதவு நிலையில் தலை இடிக்கும் உயரம். அவன் தூரத்தில் நின்று ஃபோனில் யாரிடமோ தெலுங்கில் சிரித்துக்கொண்டிருந்தான். சுதர்சன் மனசார வாழ்த்திவிட்டுக் கேக்கைத் தின்றான்.

பத்து மணிக்கு ஃபெலிக்ஸ் அவனைக் கூப்பிட்டார். தூத்துக்குடிக்காரர். சந்தோஷமாக இருந்தால் பேச்சில் ஊர் ஏறிவிடும்.

"இந்த நோலன் எப்படிப்பட்ட ஆளு? நீ பேசியிருக்கியா? கெஸ்ட் ஹவுஸ்ல ஏசி ரூம் சொல்லியாச்சு. சைவமா என்னான்னு கேளு."

"எந்த நோலன் சார்?"

"வால்டர் அனுப்புத ஆளுதான். நம்ம ரெண்டு பிள்ளைகளுக்குப் பதிலா."

சுதர்சன் மெயிலைத் திறந்து படித்தான். மறுபடி படித்தான்.

"சார், இது பேஸ்பால்."

"எது?"

"இடது கைக்காரன் பந்து எறியறவன் சார். உயரமானவனும் எறியறவன். நோலன் மட்டையால அடிக்கிறவன். யாரும் எங்கயும் போகல. தாள்ல நடக்கிற ஆட்டம் இது."

ஃபெலிக்ஸ் கண்ணாடியைக் கழற்றினார். மாட்டினார். "அஸ்வினி இடது கைதானே?" என்று மெல்லிய குரலில் கேட்டார்.

"ஆமா சார்."

"கிட்டு உயரந்தானே?"

"ஆமா சார்."

"பொறவு என்ன சொல்லுத நீ?" என்றவர், தான் கேட்டது தனக்கே விளங்காதவரைப் போல ஜன்னலைப் பார்த்தார். வைஸ் பிரசிடென்ட் வரை செய்தி போயிருந்தது. இருவரின் பாஸ்போர்ட் நகலும் வாங்கியாகிவிட்டது. கடைசியில், "நீதான் அந்த டீமுக்கு ஓனர். பிள்ளைககிட்ட நீயே சொல்லிரு" என்றார்.

கிட்டுவிடம் சொல்வது சுலபமாக இருந்தது. அவன் ஒரு நிமிஷம் முறைத்தான். பிறகு விழுந்து விழுந்து சிரித்து, அம்மாவுக்கு ஃபோன் போட்டு விஷயத்தைச் சொன்னான். அஸ்வினியைச் சுதர்சன் மாடிப்படிக்கு அழைத்துப் போய்ச் சொன்னான். அவள் சிரிக்கவில்லை. அழவும் இல்லை.

"அந்த லெஃப்டி யாருங்க?" என்று கேட்டாள்.

"டெக்சாஸ் பக்கம் ஒரு பையன். இருபது வயசு."

"நல்லா எறிவானா?"

"பாலச்சந்திரன் எறிவான்கிறான். ஹம்ஸினி நம்பக்கூடாதுங்கிறா. எனக்குத் தெரியல அஸ்வினி."

அவள் படியில் உட்கார்ந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஈரோட்டிலிருந்து அவளைப் பெண் பார்க்க வருவதாக இருந்ததாம். பையன் வீட்டில் கல்யாணத்துக்கு அப்புறம் வேலைக்குப் போகக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். நேற்று அமெரிக்கா என்றதும் அவளுடைய அப்பா பூரித்துப் போய், ரெண்டு வருஷம் கழித்துப் பார்க்கலாம் என்று அவர்களிடம் சொல்லிவிட்டார்.

"ஒம்பது மாசமா இப்பக் கல்யாணம் வேண்டாம்னு அப்பாகிட்ட நான் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். கேக்கல. வால்டர் ஒரு மெயில் போட்டதும் கேட்டுட்டாரு" என்றாள். "யார்கிட்டயும் சொல்லாதீங்க. எங்க வீட்டுக்கு நானே சொல்லிக்கறேன்."

"எப்போ சொல்லுவீங்க?"

"சொல்லிக்கறேனுங்க."

அன்று சாயங்காலம் ஏழரை மணிக்குச் சுதர்சன் வால்டருக்கு ஃபோன் செய்தான். அங்கே காலை. நடந்ததைத் திக்கித் திணறி ஆங்கிலத்தில் சொன்னான். அஸ்வினியின் கல்யாண விஷயத்தை மட்டும் விட்டுவிட்டான். வால்டர் சிரித்த சிரிப்பு ஸ்பீக்கரில் கரகரத்தது. பிறகு உண்மையாகவே வருத்தப்பட்டார். அந்தப் பெண்ணும் பையனும் மனசு கஷ்டப்பட்டார்களா என்று கேட்டார். அவர்களை அங்கே அழைக்க ஆசைதான், ஆனால் இந்த வருஷம் அதற்கு வழியே இல்லை என்றார்.

"சரி, அந்த இரண்டு எறிகிறவர்கள்? தருகிறீர்களா?" என்றார் வால்டர்.

சுதர்சன் வாயைத் திறந்தபோது சரி என்று சொல்லத்தான் நினைத்திருந்தான். க்ளையன்ட் கேட்கிறார், ஹம்ஸினியும் கொடு என்கிறாள். ஆனால் வெளியே வந்தது 'இல்லை' என்ற சொல். ஏன் என்று வால்டர் கேட்டார். "அவர்கள் இங்கேயே இருக்கட்டும்" என்றான்.

ஹம்ஸினி இரண்டு நாள் அவனோடு பேசவில்லை. பாலச்சந்திரன் சமோசா வாங்கிக் கொடுத்தான். ஆகஸ்டில் இடது கைக்காரனுக்குத் தோளில் கத்தி வைத்தார்கள். நோலன் பின்னி எடுத்துக்கொண்டிருந்தான். வால்டர் அதைப் பற்றி ஒரு வார்த்தைகூட எழுதவில்லை, அது சுதர்சனுக்கு இன்னும் சங்கடமாக இருந்தது. எந்தக் காரணத்துக்காக மறுத்தோம் என்று குகட்பள்ளி பஸ்ஸில் நின்றபடி பலமுறை யோசித்துப் பார்த்தான். பேஸ்பாலுக்காக இல்லை என்பது மட்டும் தெரிந்தது.

செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை மதியம் அமீர்பேட்டையில் ஓர் ஓட்டலுக்குள் நுழைந்தவனை யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அஸ்வினி. எதிரே வெள்ளைச் சட்டையில் ஒரு பெரியவர். அவளுடைய அப்பா, மகளைப் பார்க்க வந்திருந்தார். சுதர்சனின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு உட்கார வைத்தார். ஊர் வெயில், ரயில் தாமதம் என்று பேசினார். பிறகு கொஞ்சம் முன்னால் சாய்ந்து, குரலைத் தணித்துக்கொண்டார்.

"ஏந் தம்பி, ஆபீஸ்ல நீங்கதான் பெரியவங்க, கேக்கறேன். இவ அமெரிக்கா போறது எப்போதைக்குங்க ஆகும்?"

சுதர்சன் அஸ்வினியைப் பார்த்தான். அவள் மெனு அட்டையை முகத்துக்கு நேராகப் பிடித்திருந்தாள். அட்டை ஆடவே இல்லை. இவள் வீட்டில் சொல்லவே இல்லையா, அல்லது சொல்லியும் இவருக்குப் புரியவில்லையா, அல்லது புரிந்தும் என் வாயால் கேட்க நினைக்கிறாரா? மூன்றில் எது என்று பெரியவரின் முகத்தில் தேடினான். அது வெறுமனே காத்திருந்தது.

"விசா வரணுங்க" என்றான் சுதர்சன்.

"அது வரட்டும், வரட்டும். அவசரம் ஒண்ணுமில்ல" என்றார் அவர், சர்வரைக் கையாட்டி அழைத்தபடி.