சனிக்கிழமை மத்தியானம்

தங்கை சிவப்புப் பேனாவைத் திறந்ததுமே அக்கா நோட்டை மெல்லத் தன் பக்கம் இழுத்தாள்.

"பத்துல ஆறு தப்பு." தங்கை படிப்பது எட்டாம் வகுப்புதான். ஆனாலும் அக்காவுக்கு இங்கிலீஷ் டீச்சர் அவள்தான். சம்பளமில்லாத வேலை என்பதால் அதட்டலுக்குக் குறைச்சலில்லை. "'த வெட் ஷீட்ஸ் ஆன் த ஃப்ளோர்.' இதை ஏன் முழு வாக்கியம்னு போட்ட?"

"தரையில ஈரத் துணி. அதான் புரியுதே."

"ஈரத் துணி என்ன பண்ணுச்சு? ஓடுச்சா, ஆடுச்சா?"

"யாராவது அப்படிச் சொன்னா நான் போய் எடுத்துடுவேன்."

"நீ எடுத்துடுவ. எழுதினதுல அது இல்லையேக்கா. யாரு, என்ன பண்ணாங்க, ரெண்டும் இருந்தாத்தான் முழுசு. இது வெறும் சொற்றொடர்."

அக்காவைச் சொல்லிக் குற்றமில்லை. ஆஸ்பத்திரிகளுக்கும் விடுதிகளுக்கும் துணி வெளுக்கும் சலவைக்கூடத்தில் அவளுக்கு வேலை. மெஷின்கள் எல்லாம் சுற்றும்போது, பக்கத்தில் நின்று கத்தினாலும் முதல் இரண்டு வார்த்தைதான் காதில் விழும். வாக்கியத்தின் வாலை மெஷின் தின்றுவிடும். "தலையணை உறை" என்று ஒருவர் கத்தினால் போதும். மடி, அடுக்கு, அனுப்பு என்பதையெல்லாம் கேட்பவரே சேர்த்துக்கொள்வார்.

அது அவளுக்குத் தோதாகவும் இருந்தது. ஒன்பதாம் வகுப்பில் ஒருநாள் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னார்கள். ஒரு வரியோடு நின்றுவிட்டாள்; வகுப்பே திரும்பிப் பார்த்தது. மறுநாளிலிருந்து பள்ளிக்கூடத்துப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. வருவதும் தெரியாது, போவதும் தெரியாது என்று கூடத்தில் அவளுக்குப் பூனை என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

இப்போது மாலை வகுப்பில் சேர்ந்து, விட்ட படிப்பைத் தொடர ஆசை. சேருவதற்கு ஒரு இங்கிலீஷ் பரீட்சை, சனிக்கிழமை மத்தியானம். அதை விட்டால் அடுத்த வருஷம்தான். அதுவரை இந்தத் தைரியம் தாங்குமா என்று அவளுக்கே சந்தேகம்.

செவ்வாய்க்கிழமை மேஸ்திரியம்மாவிடம் போய் நின்றாள். கூடத்தில் யாருக்கு எந்த வேலை என்று முடிவு செய்வது அந்த அம்மாதான். "சனிக்கிழமை மத்தியானம் நான்..." என்று ஆரம்பித்தாள். லீவு என்ற வார்த்தை வெளியே வரவில்லை. அதற்குள் ஒரு மெஷின் வேகம் பிடித்தது. மேஸ்திரியம்மா முகம் மலர்ந்து, அவள் தோளில் தட்டிவிட்டுப் போனாள்.

லீவு கிடைத்துவிட்டது என்று பூனை நினைத்தாள். வியாழக்கிழமை வேலைப் பலகையைப் பார்த்தால், சனிக்கிழமை மத்தியானக் கூடுதல் வேலைக்கு அவள் பெயர்.

"நல்ல மனசும்மா உனக்கு," என்றார் இஸ்திரிக்கார அண்ணன். "எல்லாரும் ஓடி ஒளியறப்ப நீயா போய்க் கேட்டியாமே. நாங்கல்லாம் தப்பிச்சோம்."

சாயங்காலம் அதைச் சொன்னபோது தங்கை சிரிக்கவில்லை. "நீ பாதி சொன்ன. மீதியை அவங்களுக்குத் தோதா போட்டுக்கிட்டாங்க. நான் வேணா வந்து சொல்லட்டுமா?"

"வேண்டாம்," என்றாள் பூனை.

மெஷின் ஓடும்போது சொன்னால் யார் காதிலும் விழாது. நின்றபிறகு சொன்னால் எல்லார் காதிலும் விழும். எது மேல் என்று இரண்டு மனதாகவே வெள்ளிக்கிழமை வேலைக்குப் போனாள். சாப்பாட்டு நேரத்தில் மெஷின்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன.

"மேஸ்திரியம்மா."

எல்லாரும் திரும்பினார்கள். அந்த ஒன்பதாம் வகுப்பே திரும்பிப் பார்ப்பதுபோல் இருந்தது.

"நாளைக்கு மத்தியானம்..."

"அதான் பேரு போட்டாச்சே."

"இல்லம்மா, நான் சொல்லி முடிச்சுக்கறேன்." கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள். "நாளைக்கு மத்தியானம் நான் ஒரு பரீட்சை எழுதப் போறேன். என்னால வேலைக்கு வர முடியாது. செவ்வாய்க்கிழமை உங்ககிட்ட வந்தது லீவு கேக்கத்தான்."

"பூனைக்கு இவ்வளவு பேச வருமா?" என்றார் இஸ்திரிக்கார அண்ணன்.

மேஸ்திரியம்மா சிரிக்கவில்லை. "நாளைக்கு ஆஸ்பத்திரித் துணி மலையா வந்து குவியும். கடைசி நேரத்துல சொல்ற."

"தப்புதாம்மா. ஆனா நான் போயே ஆகணும்."

மேஸ்திரியம்மா அவளையே பார்த்தாள். பிறகு பார்வை இஸ்திரி மேசைப் பக்கம் போனது. "யாரோ தப்பிச்சோம்னு சொல்லிக்கிட்டிருந்தாங்களே. நாளைக்கு மத்தியானம் நீ."

"நான் என்ன?"

"முழுசாச் சொல்லணுமா உனக்கு?"

"ஐயோ, வேணாம் தாயே. வந்துடறேன்."

கூடமே சிரித்தது. மேஸ்திரியம்மா பலகையில் ஒரு பெயரை அழித்து இன்னொன்றை எழுதினாள். "காலையில வந்து பாதி வேலையை முடிச்சுட்டுப் போ," என்றாள் பூனையிடம். பூனை தலையாட்டினாள்.

சாப்பாடு முடிந்து மெஷின்கள் மறுபடி சுற்றத் தொடங்கின. அவளைக் கடந்து போகையில் மேஸ்திரியம்மா ஏதோ சொன்னாள். உதடு அசைந்தது மட்டும்தான் தெரிந்தது. பூனை கையிலிருந்த விரிப்பை வைத்துவிட்டுப் பின்னாலேயே போய் அவளை நிறுத்தினாள்.

"என்னம்மா சொன்னீங்க? காதுல விழல."

மேஸ்திரியம்மா அவள் காதருகே குனிந்தாள். "நிதானமா எழுதுன்னு சொன்னேன்டி."