சின்னப் பாத்திரம்

"நீங்க என்ன சாப்பிடறீங்கம்மா?"

டாக்டரம்மா தன்னைத்தான் கேட்கிறார் என்று அவளுக்கு உறைக்கவே கொஞ்ச நேரம் ஆனது. கல்யாணமாகி முப்பத்துநாலு வருஷத்தில் அவளிடம் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை.

கணவரைக் காட்டத்தான் வந்திருந்தாள். இறைச்சிக் கடைக்காரர். சந்தையில் அவருக்குக் 'கைத்தராசு' என்று பெயர். ஒரு துண்டைக் கையில் ஏந்தினால் போதும், இத்தனை கிராம் என்று சொல்லிவிடுவார். தராசில் வைத்துப் பார்த்தால் முள் சரியாக அங்கேதான் நிற்கும். சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு மூன்றும் இப்போது அவருக்கு எகிறிக் கிடந்தன. கால் பெருவிரலில் இரண்டு மாதமாக ஆறாத புண் வேறு. வந்தது வந்தீர்கள், உங்களுக்கும் பார்த்துவிடலாம் என்று டாக்டரம்மா அவளிடமும் ரத்தம் எடுத்திருந்தார். இரண்டு காகிதங்களும் மேசைமேல் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தன.

"ஒரே வீடு, ஒரே அடுப்பு. உங்க ரிப்போர்ட்டுல குறை சொல்ல ஒண்ணுமே இல்லையே. அதான் கேக்கறேன்."

அவள் கணவரைத் திரும்பிப் பார்த்தாள். சுவரில் மாட்டியிருந்த இதயப் படத்தை அவர் எடை போடுகிறவர் போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அடுப்பு ஒண்ணுதான் டாக்டர். பாத்திரம்தான் ரெண்டு."

பெரிய பாத்திரம் அவருக்கு. கடையில் நல்ல துண்டாக ஒதுக்கி, பொட்டலம் கட்டி, மதியம் கொண்டுவந்து கொடுப்பார். சின்னப் பாத்திரம் அவளுக்கும் மகளுக்கும். கீரை, பருப்பு, பீன்ஸ், முட்டைகோஸ், காய்க்காரர் கடை கட்டும்போது மிஞ்சுகிற எதுவும். "பொம்பளைங்களுக்கு இது போதும்" என்று கல்யாணமான முதல் வாரமே சொல்லிவிட்டார். ருசி பார்க்கக்கூட ஒரு துண்டு எடுக்க முடியாது. தட்டைத் தூக்கிப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்.

மகளுக்கு அப்போது ஒன்பது வயது. வகுப்பில் முதலாவதாக வந்த அன்று, ஆசை தாங்காமல் பெரிய பாத்திரத்தில் கையை விட்டாள். அவர் கரண்டியால் ஓங்கிப் போட்டார். நடுவிரல் முறிந்தது. "எடுக்கறதுக்கு முன்னாடி கேக்கணும்னு தெரியட்டும்" என்றார். எத்தனையோ முறை கேட்டு, இல்லை என்று வாங்கிக் கட்டிக்கொண்ட பிள்ளை அது. அவள் குச்சியை வைத்து மகளின் விரலைக் கட்டினாள். விரல் வளைந்தபடியே கூடிவிட்டது. அவள் அன்று விழுங்கிய வார்த்தை இருபத்துநாலு வருஷமாகத் தொண்டைக்கும் வயிற்றுக்கும் நடுவில் நின்றது.

"இது மட்டுமே காரணம்னு சொல்ல மாட்டேன்" என்றார் டாக்டரம்மா. "பரம்பரை, நடை, தூக்கம் எல்லாம் சேரும். ஆனா கீரை, காய், பருப்பு, முழுத்தானியம்னு சாப்பிடறவங்களுக்கு இந்த வியாதிங்க வர்ற வாய்ப்பு குறைவு. வந்தவங்களுக்கும் கட்டுக்குள்ள வைக்க உதவும். ஐயா, மாத்திரையை விட்டுடாதீங்க. சாப்பாட்டைப் பொறுத்தவரை, இனிமே உங்களுக்கும் அம்மாவோட பாத்திரம்தான்."

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அவள் சிரித்தாள். சிரித்து முடிக்க நாலு நிறுத்தம் ஆயிற்று.

மறுநாளே கடையின் பழைய தராசு அடுப்படிக்கு வந்துவிட்டது. டாக்டரம்மா எழுதிக் கொடுத்தது எதுவோ, அவருக்கு அது மட்டும்தான். ஒரு கிராம் கூடாது, குறையாது. அவள் முதலில் அவருடைய நாற்காலியில் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிடுவாள். அதுவரை அவர் காத்திருக்க வேண்டும். காலை எடுத்துவிடுவார்களோ என்ற பயத்தில் அவரும் காத்திருந்தார்.

"என்னடி இது, ஆட்டுக்குப் போடற மாதிரி?"

"இத்தனை வருஷம் ஆட்டைச் சாப்பிட்டீங்க. இப்ப அது சாப்பிட்டதைச் சாப்பிடுங்க."

சின்னப் பாத்திரத்தை ருசிக்க வைக்க அவளுக்குத் தெரியாதா? முப்பத்துநாலு வருஷம் அதோடு மல்லுக்கட்டியவள். எந்தக் கீரைக்குப் பூண்டு தூக்கலாக, எந்தப் பருப்புக்கு எலுமிச்சை கடைசியில் என்று கைக்கு அத்துப்படி. ஆனால் பூண்டு வதங்கும் முன்பே அவருடைய பங்கை எடுத்து ஆற வைத்துவிடுவாள். கேட்டால், "உப்பு, எண்ணெய் ஆகாதுன்னு சொன்னாங்கல்ல?" பக்கத்து வீட்டம்மா மூக்கின் மேல் விரல் வைத்தாள். "புருஷனை இப்படிக் கண்ணுல வெச்சுத் தாங்கறவளை நான் பார்த்ததே இல்லம்மா!"

ஒருநாள் அவர் சட்டையில் வறுத்த இறைச்சி வாசம் அடித்தது. கடைக்குப் பின்னால் ரகசியமாக ஒரு ஸ்டவ். கண்டும் காணாமல் விட்டிருந்தால் புண் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். அவள் அன்றைக்கே நடந்து போய், வாடிக்கையாளர்கள் பார்க்க, ஸ்டவ்வைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அவ்வளவு சுலபமாக அவர் தப்பித்துவிடக் கூடாது. நூறு வயது இருக்க வேண்டும். நூறு வயதுவரை தினமும் அந்தப் பாத்திரத்தின் முன்னால் உட்கார வேண்டும்.

நாலு மாதத்தில் புண் மூடியது. சர்க்கரை இறங்கியது. ஒரு மாத்திரையைக் குறைத்துவிட்டு, "எல்லாம் உங்களாலதான்" என்று டாக்டரம்மா அவள் தோளைத் தட்டினார். கணவரோ வீட்டுப் படியை இரண்டிரண்டாக ஏறினார். பார்க்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தண்டனை அனுபவிக்கிற ஆளுக்கு உடம்பு தேறலாமா?

அன்று மாலையே மகளுக்குப் போன் போட்டாள். "ஞாயித்துக்கிழமை வாடி. உனக்குப் போட வேண்டிய சாப்பாடு ஒண்ணு இருபத்துநாலு வருஷமா ஆறிக் கிடக்கு."

ஞாயிறு மதியம் பெரிய பாத்திரம் மறுபடி அடுப்பேறியது. நல்ல துண்டாக அவரையே வெட்டிக் கொண்டுவரச் சொல்லியிருந்தாள். வெந்ததும் அவர் கண் எதிரிலேயே மகள் தட்டில் மலையாகக் குவித்தாள். அவருக்குச் சின்னப் பாத்திரம்.

மகள் தட்டைப் பார்த்தாள். "இவ்வளவு எதுக்கும்மா? நான் இதெல்லாம் அதிகம் தொடறதே இல்ல. உன் கீரையைத்தான் பஸ்ஸுல நினைச்சுக்கிட்டே வந்தேன்."

"முதல்ல இதைச் சாப்பிடு."

"அம்மா..."

"சாப்பிடுன்னு சொல்றேன்ல!"

மகள் ஒரு துண்டை வாயில் போட்டு மெல்ல மென்றாள். பிறகு தட்டை மேசை நடுவே தள்ளினாள். "போதும்மா. வேணும்னா அப்பாவுக்கு ஒண்ணு குடேன். எத்தனை மாசமாச்சு, பாவம்."

பாவமாம்!

அவர் மகளைப் பார்த்தார். மனைவியைப் பார்க்கவில்லை. பெரிய துண்டொன்றை நோக்கி அவர் கை மெதுவாக நீண்டது. அவள் கையிலிருந்த கரண்டி தானாக உயர்ந்தது.

"எடுக்கறதுக்கு முன்னாடி கேக்கணும்" என்றாள்.

நீண்ட கை அந்தரத்தில் அப்படியே நின்றது. அவர் கண் தட்டை விட்டு, தட்டின் விளிம்பைப் பிடித்திருந்த மகளின் நடுவிரலுக்குப் போனது. முதல்முறை பார்ப்பவர் போல அந்த வளைவையே பார்த்தார். கையைப் பின்னுக்கு இழுக்கவில்லை; மெல்ல இறக்கி, அடி வாங்க நீட்டுகிறவர் போல, புறங்கை மேலே தெரிய மேசையில் வைத்தார்.

உயர்ந்த கரண்டியிலிருந்து சூடான குழம்பு ஒரு சொட்டு அந்தப் புறங்கையில் விழுந்து, விரல்களை நோக்கி வழியத் தொடங்கியது.